சனிக்கிழமை ஓடிய கால்

"நேத்து மட்டும் ஓடாம இருந்திருந்தா இன்னைக்கு நீங்கதான் தம்பி முன்னாடி வந்திருப்பீங்க." சைக்கிள் கடை காக்கா (முஸ்லிம் அண்ணன்களை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆறுதலுக்குத்தான் சொன்னார். என் பின்சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, டயரில் ஏறியிருந்த முள்ளைக் குறடால் பிடுங்கியபடியே சொன்னார். நானும் சிரித்து வைத்தேன். ஆடி முடிந்து ஆவணியும் பாதி போய்விட்டது, அந்த வரி மட்டும் இன்னும் போகவில்லை. கேட்டவர்கள் எல்லாருமே கொஞ்சம் முன்னே பின்னே அதையேதான் சொல்கிறார்கள். வீட்டில் சொன்னார்கள், அலுவலகத்தில் சொன்னார்கள், என்னோடு ஓடித் தோற்றவர்களும் சொன்னார்கள். இத்தனை பேர் சொல்வது சரியாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் யோசிக்க யோசிக்க அதில் ஏதோ ஒன்று இடிக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் பக்கம் ஆடியில் முளைப்பாரி எடுக்கும் ஊர்களில் மாட்டுவண்டிப் பந்தயத்தோடு சைக்கிள் பந்தயமும் வைப்பார்கள். தேவிபட்டினம் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் சனிக்கிழமை சாயங்காலம் அப்படி ஒன்று. சாதாரண சைக்கிள்தான், கியர் கூடாது. மறுநாள் காலை ராமநாதபுரத்துக்குத் தெற்கே, கீழக்கரை, ஏர்வாடி பக்கமாகக் கியர் சைக்கிள்காரர்களுக்கு வேறொரு பந்தயம். நடத்துகிறவர்கள் வேறு, வருகிற ஆட்களும் பெரும்பாலும் வேறு. இரண்டிலும் பெயர் கொடுக்கிற சிலரில் நானும் ஒருவன். பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன், நாற்பதைத் தாண்டியவன், பரிசு வாங்கிக் குடும்பம் நடத்தப் போவதில்லை. அப்புறம் ஏன் இரண்டு நாளும் என்று கேட்பவர்களுக்கு நேராகச் சொல்ல என்னிடம் பதில் இருந்ததில்லை. இதை எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன்.

மேடில்லாத ஊர்

மலையே இல்லாத மாவட்டத்தில் சைக்கிள் பந்தயம் என்ன பெரிய பந்தயம் என்று கொடைக்கானல் ஏறிப் பழகிய நண்பர் ஒருவர் கேட்பதுண்டு. அவரை ஆடியில் ஒருமுறை சாயல்குடிச் சாலையில் மேற்கே பார்த்து ஓட்டச் சொல்ல வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அந்தக் காற்றில் ஒரு பங்குதான் இந்தச் சாலைக்கும் வருகிறது, ஆனால் அதுவே போதும். காற்றே இல்லாத இடத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறவன், 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் அதே வேகத்தில் போனால் அவன் உடம்புக்கு அது 50 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதால் தடுக்கிற விசை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். மலையில் ஏறினால் ஒரு இடத்தில் இறக்கம் வரும். இங்கே திரும்பினால்தான் இறக்கம், திரும்புகிற இடத்தை நடத்துகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

அதனால் எங்கள் பந்தயங்களில் வீல் பிடிப்பதுதான் பாதி வித்தை. முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் உழைப்பு மிச்சம். பக்கவாட்டில் காற்றடிக்கும்போது நேர்பின்னால் ஒட்டிப் பயனில்லை. வலதுபக்கம் காற்று வந்தால் முன்னவனுக்கு இடது பின்பக்கம்தான் மறைவு. அவனுக்கு இடதில் இன்னொருவன், அவனுக்கு இடதில் இன்னொருவன் என்று வரிசை சாலைக்குக் குறுக்கே சாய்ந்து நிற்கும். சாலை அகலம் தீர்ந்ததும் மறைவும் தீர்ந்தது. மிச்சப் பேர் தார் விளிம்பில் ஒற்றை வரிசையில் முழுக்காற்றும் வாங்கிக்கொண்டு தொங்க வேண்டியதுதான். எங்கள் ஊர்த் தார் விளிம்பு என்றால் சீமைக்கருவேல முள். ஆட்டுக்காரர்கள் வெட்டிப் போட்டது, லாரி உரசி உதிர்ந்தது, காற்று தள்ளிக்கொண்டு வந்தது எல்லாம் அங்கேதான் வந்து சேரும். வலு இல்லாதவன் விளிம்புக்குப் போவான், விளிம்புக்குப் போனவனுக்குப் பஞ்சரும் ஆகும்.

கிடாக்கறி ராத்திரி

சனிக்கிழமைப் பந்தயத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. வடக்கே போகும்போது காற்று முதுகில், எல்லைக் கொடியைச் சுற்றித் திரும்பினால் முகத்தில். கியர் இல்லாத சைக்கிளில் இது இரட்டைத் தண்டனை. போகும்போது எவ்வளவு வேகமாகக் காலைச் சுற்றினாலும் சங்கிலிக்கு அதற்கு மேல் வேகம் கிடையாது. வரும்போது இலகுவாக்க வழியில்லாமல் ஒவ்வொரு மிதியையும் எழுந்து நின்று அமுக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் தொடைத் தசை கல்லாகிவிடும். பின்னால் பைக்கில் வரும் இளவட்டங்கள் மாட்டை விரட்டுகிற அதே சத்தத்தில் நம்மையும் விரட்டுவார்கள். நான் ஐந்தாவது வந்தேன், எவர்சில்வர் வாளி கிடைத்தது.

பந்தயம் முடிந்து கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, காலையில் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாட்டுப் பிரிவில் ஓடவிட்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். நாளைக்கும் ஓடப்போகிறேன் என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து ஓடுன மாட்ட மறுநா நாங்க பூட்டவே மாட்டோம்யா. மாட்டுக்கு இருக்குற கரிசனம் ஒங்க காலுக்கு இல்லையா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாட்டைக் கேட்டுவிட்டா பூட்டுகிறார்கள், என்னை யாரும் பூட்டவில்லையே என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அப்புறம் அவரே வாளியை வாங்கித் தட்டிப் பார்த்து, நல்ல கனம் என்று சான்றிதழ் கொடுத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் உடம்புக் கதை. மறுநாள் கால் கனக்கக் காரணம் லாக்டிக் அமிலம் என்று இன்னமும் சொல்கிறார்கள். அது ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் வரை இழுப்பது வேறு. தசைக்குள் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற எரிபொருள் கடும் ஓட்டத்தில் கரைந்துவிடுகிறது. அதைத் திரும்ப நிரப்ப, மாவுச்சத்து நிறையச் சாப்பிட்டாலும், ஒரு நாள் அளவுக்குப் பிடிக்கும். சாயங்காலம் ஓடி முடித்து விடிகாலையில் மறுபடி ஏறுகிறவனுக்கு அந்த ஒரு நாளே இல்லை. அதனால் முதல் இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு சோறு உள்ளே போகிறது என்பதுதான் கணக்கு. தசை அப்போதுதான் வேகமாக வாங்கிக்கொள்ளும். ஒரு கிராம் கிளைக்கோஜன் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கும் என்பதால் தண்ணீரும் உப்பும் வேண்டும். நான் சட்டைப் பையில் கருப்பட்டித் துண்டும் வீட்டிலிருந்து எலுமிச்சைச் சோறும் கொண்டுபோயிருந்தேன். ஆனால் பந்தயம் ஓடியவர்களைச் சாப்பிடாமல் அனுப்புகிற ஊரா அது? பந்தி போட்டு உட்கார வைத்து, எலும்பும் கொழுப்புமாகக் கிடாக்கறி ஊற்றி, "நல்லா சாப்பிடுங்க சார், ஓடுன ஒடம்பு" என்று இலையை விட்டு எழவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். கொழுப்பு வயிற்றில் நின்று நிதானமாகத்தான் செரிக்கும். ராத்திரி முழுக்க அது செரித்துக்கொண்டிருந்தது, கால் காத்துக்கொண்டிருந்தது. ஊர் திரும்பக் கடைசிப் பேருந்து போய்விட்டதால் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் படுக்கை. முளைப்பாரித் திடலில் கும்மி, ஒலிபெருக்கியில் பாட்டு. எப்போது நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதே நான் எவ்வளவு தூங்கினேன் என்பதற்குச் சாட்சி.

கீழக்கரை முக்கு

ஞாயிறு காலை முதல் பதினைந்து நிமிடம் கால் என்னுடையதாகவே இல்லை. அப்புறம் மெல்ல இளகியது. இரண்டாம் நாள் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். சூடேறியதும் ஒரு பொய்யான தெம்பு வரும். சீராகப் போகிற வரைக்கும் ஒரு குறையும் தெரியாது. திருப்புல்லாணி வரை தெற்கே போகும்போது காற்று வலது முன்பக்கம் இருந்தது. கூட்டம் இடதுபக்கம் சாய்ந்து வரிசை கட்டியது. எனக்கு நல்ல இடம் கிடைத்திருந்தது, முன்னால் ஒரு பருத்த போலீஸ்காரர். அகலமான முதுகு, ஆடாத சைக்கிள். அவருடைய இடது பின்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பரவாயில்லையே என்று நினைத்தபடி போனேன். விளிம்பில் தொங்கியவர்களில் ஒருவருக்கு டயர் வெடித்த சத்தம் கேட்டது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கீழக்கரைக்கு முன்னால் சாலை தென்மேற்காகச் சாய்ந்து காற்று நேர் எதிரே வரும். கீழக்கரை தாண்டி ஏர்வாடிப் பக்கம் மேற்கே திரும்பியதும் அதே காற்று இடது முன்பக்கமாகிவிடும், கடல் பக்கத்திலிருந்து. அதாவது அதுவரை மறைவாக இருந்த இடது பின்பக்கம் திடீரென்று காற்றடிக்கும் பக்கம். வரிசை முழுவதும் வலதுபக்கத்துக்கு மாற வேண்டும். இது தெரியாமல் யாரும் அங்கே வரவில்லை. எனக்கும் தெரியும், பல தடவை ஓட்டிய சாலை. திருப்பத்துக்குச் சற்று முன்னால் ஒரு தம்பி போலீஸ்காரருக்கு வலதுபக்கம் நழுவிப் போவதைப் பார்த்தேன். அவசரமே இல்லை அவனிடம். மிதிப்பதை ஒரு சுற்று நிறுத்தினான், பின்னால் விட்டான், வலதில் வந்து ஒட்டிக்கொண்டான். அப்போது அங்கே மறைவுகூட இல்லை, எதிர்க்காற்றில் யாருக்கும் எந்தப் பக்கமும் லாபமில்லாத இடம். நான் மனதுக்குள், திருப்பம் வரட்டும், ஒரு எட்டு எட்டிப் போய் மாறிக்கொள்ளலாம் என்று இருந்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன், எப்போதும் முடியும்.

திரும்பினோம். காற்று இடது காதில் அறைந்தது. வலதுபக்கம் ஒவ்வொரு இடமாக நிரம்பியது. நான் எழுந்து நின்று மிதித்தேன். பத்து மிதி வேண்டும், அவ்வளவுதான். நான்கு மிதி வந்தது. வலி இல்லை, பிடிப்பு இல்லை, மூச்சு வாங்கவில்லை. அமுக்கினால் அடியில் ஒன்றும் இல்லை. கைக்கடிகாரத்தில் பார்த்தால், இந்த மாதிரிச் சமயத்தில் 170-ஐத் தொடுகிற நாடித்துடிப்பு 155-ல் நின்றுகொண்டிருந்தது. களைத்த உடம்பில் இதயமும் மேலே ஏற மறுக்கும் என்று படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் எண்ணாகப் பார்த்தேன். அதற்குள் போலீஸ்காரரின் பின்சக்கரத்துக்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சைக்கிள் நீளம். அப்புறம் இரண்டு. எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கியபோது நடுக்கோட்டை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்த வரிசையும் விட்டுப் போனது. பந்தயம் எனக்கு அங்கேயே முடிந்தது. மீதித் தூரம் என்னைப் போலவே கழன்றுவிட்ட இரண்டு பேரோடு மாற்றி மாற்றி முன்னால் போய்ச் சேர்ந்தோம். அதை விவரிக்க வேண்டியதில்லை.

களைப்பு என்றால் வலு குறைவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. சீராக இழுக்கிற வலு அன்றைக்கும் என்னிடம் முக்கால்வாசிக்கு மேல் இருந்தது, இல்லாவிட்டால் கீழக்கரை வரை வந்திருக்க முடியாது. போனது அந்த ஒரு எட்டு எட்டிப் போகிற தெம்பு மட்டும்தான், திடீரென்று பத்து மிதி அமுக்குகிற அந்தக் கைச்செலவுக் காசு. வெகு நாளாக நான் நல்ல இடத்தில் நிற்பவன் என்று எனக்கு ஒரு நினைப்பு. இடத்தை முன்கூட்டிப் பிடித்ததே கிடையாது போலிருக்கிறது. தேவைப்படும்போதெல்லாம் அந்தக் காசைக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். கால் புதிதாக இருக்கும் நாளில் இது கண்ணுக்கே தெரியாது.

அந்தத் தம்பி

அவன் சனிக்கிழமையும் ஓடியவன். என் முன்னால் இரண்டாவதாக வந்தவன். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில், மட்காடையும் கூடையையும் கழற்றிவிட்டு. பள்ளியில் படிக்கும்போது அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டியில் ஓடியிருக்கிறான். செப்டம்பரில் மாவட்டந்தோறும் நடக்குமே, 17 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 20 கிலோமீட்டர், அதுவும் சாதாரண சைக்கிள்தான். ஞாயிற்றுக்கிழமைக்கான கியர் சைக்கிள் இரவல். ஆடியில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளித்துக் கிடக்கும், வடக்கே பாக் நீரிணைப் பக்கம் தொழில் நடக்கும். அவன் வீடு அந்தப் பக்கம். வாரத்தில் பல நாள் விடிவதற்கு முன் கரைவலை இழுக்கப் போகிறவன்.

முடிந்தபின் அவனிடம் கேட்டேன், "தம்பி, நேத்து ஓடுனது கால்ல தெரியலையா?" அவனுக்குக் கேள்வி புரியவில்லை. "தெரியாம இருக்குமாண்ணே, கனமாத்தான் இருந்துச்சு," என்றான். "அதான் முன்னாடியே மாறிட்டேன். அப்புறம் மாற முடியாதுல்ல." இதைச் சொல்லிவிட்டு வாழைப்பழத்தை உரிக்கத் தொடங்கினான். அவனுக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான். கால் கனமாக இருக்கிறது, எனவே திருப்பத்துக்கு முன்னால் மாற வேண்டும். கனமில்லாத காலோடு வந்து நிற்கிற நாள் அவனுக்கு எத்தனை இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

அவனை வைத்து உழைப்பின் மகிமை பாடுகிற வேலை எனக்கு வேண்டாம். ஒழுங்காகத் தூங்கி, வேளைக்குச் சாப்பிட்டு, சொந்த சைக்கிளில் வந்தால் அவன் இன்னும் வேகமாக ஓடுவான், அதில் சந்தேகமே இல்லை. அன்றைக்கு அவன் வந்தது நாலாவது. ஜெயித்தது மதுரையிலிருந்து வந்தவர். சனிக்கிழமை முழுக்க விடுதியில் காலை நீட்டிப் படுத்திருந்ததாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். புதுக்கால் களைத்த காலை ஜெயிக்கும். இதில் வியப்பில்லை, குறையும் இல்லை, அவர் விதிப்படி வந்து விதிப்படி ஜெயித்தார்.

காக்கா சொன்னதற்கு இப்போது பதில் சொல்லலாம். சனிக்கிழமை ஓடாமல் இருந்திருந்தாலும் அந்த மதுரைக்காரரை நான் ஜெயித்திருக்க மாட்டேன், அவர் என்னைவிட நல்ல ஓட்டக்காரர். ஏழாவதோ எட்டாவதோ வந்திருப்பேன். கீழக்கரை முக்கில் வழக்கம்போல ஒரு எட்டு எட்டி இடத்தை வாங்கியிருப்பேன், வாங்கியது தெரியாமலே வீட்டுக்கும் போயிருப்பேன். சனிக்கிழமையை எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கழித்துக்கொண்ட செலவாகப் பார்க்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைக்குப் போனதே சனிக்கிழமை ஓடிய காலோடு என்ன நடக்கும் என்று பார்க்கத்தான். இதைக் காக்காவிடம் சொன்னால் டயருக்குக் காற்றடித்துக்கொண்டே தலையாட்டுவார், நம்பமாட்டார்.

ஒகூத்தூரியே கதை

இந்தக் குழப்பம் புதிதும் இல்லை. 1903-ல், பிரான்ஸில் பல கட்டமாக ஓடுகிற டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் முதல்முதலாக நடந்தபோது ஒரு கட்டத்தைப் பாதியில் விட்டவனும் அடுத்த கட்டத்தில் மறுபடி ஓடலாம், மொத்தக் கணக்கில் மட்டும் சேர்க்கமாட்டார்கள். இப்பொலித் ஒகூத்தூரியே என்பவர் முதல் கட்டத்தில் வயிற்றுவலி வந்து விலகினார். அப்புறம் வந்து இரண்டாவதையும் மூன்றாவதையும் ஜெயித்தார். மொத்தத்தில் ஜெயித்தது மொரீஸ் கரேன். இரண்டு பேரும் ஜெயித்தவர்கள்தான், இரண்டும் வேறு வேறு பந்தயம் என்பதை அந்தக் கணக்கு காட்டிவிட்டது. எங்கள் ஊரில் அந்த இரண்டாவது கணக்கு இல்லை என்பதுதான் என் வருத்தம். இரண்டு நாளும் ஓடியவர்களைத் தனியாகச் சேர்த்துப் பார்த்திருந்தால் அந்தத் தம்பிதான் முதல். அவன் பெயர் எந்தப் பலகையிலும் அப்படி வரவில்லை. சனிக்கிழமை ஒரு குக்கரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கைகுலுக்கலும் வாங்கிக்கொண்டு போனான், ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்குத்தான் பரிசு.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை நடத்தும் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் நியாயமாகவே கேட்டார். "அது கியர் இல்லாத சைக்கிள், இது கியர் சைக்கிள். தூரம் வேற, சாலை வேற. ரெண்டு நேரத்தையும் எப்படிண்ணே கூட்டுவீங்க?" நேரத்தைக் கூட்ட வேண்டாம், வந்த இடத்தைக் கூட்டுங்கள் என்றேன். அந்த டூர் டி பிரான்ஸிலேயே 1905 முதல் 1912 வரை நேரத்தைப் பார்க்காமல் இடத்துக்குப் புள்ளி போட்டுத்தான் ஜெயித்தவரை முடிவு செய்தார்கள். இரண்டு நாளும் ஓடுகிறவர்கள் எங்கள் பக்கம் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள், ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கூட்டினால் ஐந்து நிமிட வேலை. பரிசுகூட வேண்டாம், பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தால் போதும். "கிராமத்துக்காரங்க ஒத்துக்கணுமே" என்று இழுத்தார்கள். கிராமத்துக்காரர்களிடம் கேட்டால், "டவுன்காரங்க ஒத்துக்குவாங்களா" என்கிறார்கள். அந்தப் பெரியவரைத்தான் அடுத்துப் பிடிக்க வேண்டும். இரண்டு நாளும் ஓடுவதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கிறவர்தான், ஆனால் பந்தயக் கமிட்டியில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது என்று கேள்வி.